அலையைத் திருப்பி அனுப்பச் சொன்ன டைரக்டர்

டைரக்டர் சார் போய்விட்டாராம்.

காலையில் ஷாஜிதான் போனில் சொன்னான். "மக்கா, நம்ம ஆளு போயாச்சு, கேட்டியா?"

டைம்லைன் முழுக்க லெஜண்ட், மாமனிதர், ஈடு செய்ய முடியாத இழப்பு... எனக்கு அழுகையும் வரவில்லை, ஒரு மண்ணாங்கட்டியும் வரவில்லை.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் இப்போதே அன்ஃப்ரெண்ட் பண்ணிவிட்டுப் போகலாம்.

ஆண்ட்ராய்டு போன் ஊருக்குள் பரவத் தொடங்கிய நேரம் அது. நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடை மாடியில் கேம் செய்துகொண்டிருந்தோம். கோட் எழுதுவது நான், படம் வரைவது களியக்காவிளை ஷாஜி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முதலாளி.

கேம் ரொம்ப சிம்பிள். ஒரு வள்ளம், வழி நெடுகப் பாறை, அலை. அலை அடித்துக் கவிழ்ந்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். அவ்வளவுதான். நன்றாக இருந்தது... சத்தியமாக நன்றாக இருந்தது.

அங்கேதான் இவர் வந்து சேர்ந்தார். அடுத்தடுத்து இரண்டு படம் படுத்திருந்த சமயம். "சினிமா முடிஞ்சுதுய்யா, இனிமே கேம்தான்" என்றார். முதலாளி அப்படியே விழுந்துவிட்டார்.

முதல் நாளே கம்ப்யூட்டருக்குப் பூசணிக்காய் சுற்றினார்கள். குங்குமம் கொட்டி என் கீபோர்டில் என்டர் பட்டன் ஒரு வாரம் வேலை செய்யவில்லை.

அப்புறம் ஹீரோவுக்கு என்ட்ரி வேண்டுமாம், அதை யாரும் ஸ்கிப் பண்ணக்கூடாதாம். பாதியில் இடைவேளை கார்டு வேண்டுமாம். கேமுக்கு இடைவேளை! போட்டேன். என்ன செய்ய?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் வள்ளம் கவிழ்வதைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது? என் ஹீரோ சாகவே கூடாது!"

ஷாஜி பாவம், மெதுவாகச் சொன்னான். "சார், செத்தாத்தானே சார் அடுத்த தடவ கவனமா ஆடுவாவ?"

"ஸ்க்ரீனைக் கிழிச்சிடுவான்யா ரசிகன்!"

எந்த ஸ்க்ரீனை? போன் ஸ்க்ரீனையா? கேட்கவில்லை. வள்ளத்தில் மோதினால் அலை திரும்பிப் போகிற மாதிரி கோட் எழுதினேன். என் கையால் எழுதினேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ரிலீஸ் ஆனதும் ஒரு குளச்சல்காரர் ரிவியூ போட்டார்: "எந்தக் கடல்ல மக்கா அல வள்ளத்தக் கண்டு திரும்பிப் போவுது?" ஒரே ஒரு ஸ்டார். அதுவே அதிகம்.

கேமின் கடைசியில் டைட்டில் ஓடியது. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்... எல்லாம் அவர். மொத்தமே நான்கு வரி வசனம். அதுவும் குமரிக் கடலில் வள்ளம் விடுகிறவன் மதுரைத் தமிழில் பேசுவான். நாங்கள் பேசுவது அவருக்குப் பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்ததாம்.

என் பெயர் இல்லை. ஷாஜி பெயரும் இல்லை.

பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ இருந்தது. என் எதிரிலேயே போனில் கேமைத் திறந்து டைட்டிலைக் கடைசி வரை பார்த்தார்கள். "இதுல உங்க பேர் இல்லையே" என்றார்கள். கேமே நான்தான் சார் செய்தேன் என்றேன். யார் நம்புவார்கள்?

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"லைட் தூக்குறவன் பேரையெல்லாம் போஸ்டர்ல போடுவாங்களாம்மா? அடுத்த கேம்ல பாத்துக்கலாம்."

அடுத்த கேம் வரவில்லை. அந்த வேலையும் வரவில்லை. "பேரில்லாத வேலைக்கா ஏட்டி, பூதப்பாண்டியில இருந்து ஒண்ணர வருசம் பஸ் ஏறிப் போன?" என்று அப்பா கேட்டார். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

போன வருடம் திடீரென்று அவரிடமிருந்து போன். ஷாஜியிடம் நம்பர் வாங்கினாராம். குரல் ரொம்ப இறங்கிப்போயிருந்தது.

"கேம் பொண்ணுதானேம்மா? நம்ம கேமை ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. யார்கிட்டயும் இல்ல. உன்கிட்ட இருக்குமா? ஒரு தடவை ஆடிப் பாக்கணும் போல இருக்கு..."

"இல்ல சார். ஹார்ட் டிஸ்க் போயிட்டு."

"சரிம்மா, பரவால்ல" என்றார். அப்புறம் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

ஒரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்!

சொன்னேன்.

"நல்ல பேரும்மா" என்று வைத்துவிட்டார்.

ஹார்ட் டிஸ்க் ஒன்றும் போகவில்லை சார். என் பீரோவில்தான் இருக்கிறது. அலை திரும்பிப் போகாத பழைய கேமும் அதிலேயே இருக்கிறது.

தர மனசு வரவில்லை.

போய் வாருங்கள் சார்.