குணா கை நீட்டாத நாள்

சித்ரகலா தன்னைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், வயது முப்பத்தொன்று, அவ்வளவுதான். தம்பி குணாவைப் பற்றிக் கேட்டால்தான் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்காருவாள். அப்போதும் அவனை நல்லவன் என்று தொடங்க மாட்டாள். பொல்லாதவனாக இருந்தான் என்றுதான் தொடங்குவாள்.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய பல்லை உடைத்துவிட்டு வந்து, பசிக்கிறது என்று தட்டைப் போட்டு உட்கார்ந்தவன். அன்று அவளுக்குப் பயமாக இருந்தது பல் உடைந்ததால் அல்ல, அவன் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதால்.

பத்தொன்பதாவது வயதில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டச் சேர்ந்தான். சித்ரகலா தைக்கும் கம்பெனியின் பின்பக்கத்து ஷெட்தான். வட்ட மெஷின் சுற்றச் சுற்ற, நூல் அறுகிறதா என்று பார்த்து நிற்கும் வேலை. கண்ணுக்கு வேலை உண்டு, மனதுக்குக் கிடையாது. யார் என்ன சொன்னான், அவனை எங்கே வைத்து எப்படி அடிப்பது என்று ஷிப்ட் முழுக்க நினைப்பு ஓடும். ஒருநாள் அவனே வாய்விட்டுச் சொன்னான்.

“மனசுக்குள்ள நூறுவாட்டி அடிச்சர்றேங்க்கா. நேர்ல பாக்கறப்ப கை தானாப் போயிருது.”

அப்படிப் போன கைதான் பழனிமுத்துவின் தாடையை உடைத்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே ஷெட்டில் வேலை செய்தவன். துணியில் கோடு விழுந்தது குணாவின் மெஷினில்தான் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டான். சொன்னதும் பொய்யல்ல. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்த குணா, நான்காம் நாள் டீ நேரத்தில் ஒரே குத்து விட்டான்.

போலீசில் கேஸ் ஆனது. சித்ரகலா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, நீராகாரம்தான். பழனிமுத்து தனியாள், வாடகை அறையில் இருப்பவன். கஞ்சி காய்ச்சித் தர யாருமில்லை. அவள் வீட்டுக்கு வந்து ராகிக் கஞ்சி காய்ச்சித் தூக்குப்போசியில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள்.

“நீ ஒடச்ச வாயிக்கு நீயே கொண்டுபோயி ஊத்து.”

முதல் வாரம் போசியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஒருநாள் உள்ளே போக வேண்டியதாயிற்று. நீராகாரத்திலேயே சோர்ந்துபோயிருந்த பழனிமுத்துவுக்கு ஸ்ட்ராவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. குருணை ஒன்று கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. வலித்தும் கத்த முடியாமல் அவன் கண்ணில் நீர் கொட்டியதைக் குணா ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தான். அன்று அவனால் வீட்டில் சாப்பிட முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொடியில் வெள்ளைப் பனியன் துணித் துண்டுகள் காய்வதைச் சித்ரகலா பார்த்தாள். கஞ்சியில் திப்பி இல்லாமல் வடிகட்டக் குணா துவைத்து வைத்திருந்தான். ஆறு வாரமும் ஒருவேளை தவறாமல் கொண்டுபோனான். பழனிமுத்து பிறகு சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டு கேஸை முடித்தான்.

நான்கு வருஷம் போயிற்று. போன ஆடியில் ஷெட்டின் சார்ஜ் போடும் பலகையிலிருந்து குணாவின் போன் காணாமல் போனது. ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் என்பவன் அந்தப் பக்கம் நின்றதை யாரோ பார்த்தார்களாம். அது போதுமாக இருந்தது. ஏழெட்டுப் பேர் அவனை வேஸ்ட் குடோனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். போன் குணாவுடையது, முதல் அடியும் அவனுடையதாக இருக்கட்டும் என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

சங்கதி காதில் விழுந்ததும் சித்ரகலா மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குணாவின் கை முறுக்கேறி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த முகம் அவளுக்குத் தெரிந்த பழைய முகம்.

குணா இரண்டடி முன்னால் போனான். பிகாஷ் இரண்டு கையாலும் தாடையை மூடிக்கொண்டான். குணா அவனுக்கு முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

“எடுத்தானோ எடுக்கலியோ, இவன்மேல யாரும் கை வைக்கப்படாது.”

ஒருவன் திமிறிக்கொண்டு வந்து முகத்தில் இடித்துத் தள்ளினான். குணாவின் உதடு கிழிந்தது. அதற்கும் அவன் திருப்பி அடிக்கவில்லை, நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. கடைசியில் மேனேஜர் வந்து கூட்டத்தைக் கலைத்தார். போன் இன்றுவரை கிடைக்கவில்லை. பிகாஷ் அதே ஷெட்டில் வேலை செய்கிறான்.

உதட்டுக்கு மருந்து போடும்போது சித்ரகலா கேட்டாள், கோபம் வரவில்லையா என்று.

“வராம என்னுங்க்கா. அடிக்கற மாதரதான் மனசுல ஓடுச்சு. முன்னெல்லாம் அந்த நெனப்பு அடிக்கறதோட நின்னுரும். இப்ப அது நிக்கறதில்ல. அடி வாங்குனவன் வாயில கம்பி கட்டி, நான் பக்கத்துல ஸ்ட்ராவப் புடிச்சுட்டு ஒக்காந்துருக்கற வரைக்கும் ஓடுது.”

சித்ரகலா பஞ்சை வைத்துவிட்டு அவன் தலையை ஒருமுறை தடவினாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

தை மாதம் குணாவுக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் அருள்புரத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா ஆயம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையன்மேல் ஏதோ கேஸ் இருந்ததாமே என்று கேட்டார். மறைத்துவிடும்படி சொந்தக்காரர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். சித்ரகலா குரலைத் தாழ்த்தவில்லை.

“இருந்ததுங்க. அடிச்சது நெசந்தானுங்க. அதுக்கப்பறம் என்ன பண்ணுனான்னும் சொல்றனுங்க, கேளுங்க.”

முழுக்கச் சொன்னாள். ஆயம்மாள் கேட்டு முடித்துக் குணாவின் பக்கம் திரும்பினார்.

“இப்பவும் கோவம் வருமா கண்ணு?”

“வருமுங்க” என்றான் குணா.

ஆயம்மாள் கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு ஜாதகம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். சித்ரகலா அதை எடுக்க உள்ளே போனாள். அந்த நடையில் ஒரு மிடுக்கு இருந்ததாக வந்தவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.