கத்தாரிலிருந்து இறைத்த தண்ணீர்

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் கிணற்றடி மோட்டர் தானாக உறுமத் தொடங்கியது. தானாக என்றால் தானாக இல்லை. கத்தாரில் விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு அறைக்குத் திரும்பிய என் கணவர், ஃபோனைத் தட்டி, இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் இருக்கிற எங்கள் கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மேலே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. கீழே கறுப்பு ஹோஸ் ஒவ்வொரு கன்றின் அடியிலும் சொட்டுச் சொட்டாகத் தன் பங்கைச் செலுத்துகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு என் ராத்தாவுடையது, எனக்கு மூத்தவள். அவளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

“வானமும் ஊத்துது, மச்சானும் ஊத்துறாரு. கத்தரி நீச்சல் பழகட்டும் எண்டு நினைக்கிறாரோ?” என்றாள்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் மழை வந்தும் மோட்டர் விடவில்லை.

வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவு கடற்கரை மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருந்த இடம் தெரியாது. நானோ கல்முனையில் கந்தோர் வேலைக்குப் போகிறவள். வாளியோடு ஓடித் திரிய நேரமில்லை. அதனால்தான் அவர் லீவில் வந்தபோது, ஊரைச் சுற்றிப் பார்க்காமல், வெயிலில் குந்தியிருந்து ஹோஸ் முழுக்கத் துளை போட்டு, கத்தரி, மிளகாய், மாதுளை என்று எல்லாவற்றுக்கும் சொட்டுநீர் இழுத்தார். போகிற அன்று, ஃபோனில் இருந்தே இயக்குகிற சுவிட்ச் ஒன்றை மோட்டருக்குப் பூட்டினார். நேரம் குறித்து வைத்தால் அது தன்பாட்டில் ஓடும். அவர் குறித்து வைக்கவில்லை. தினமும் தானேதான் தட்டுவார். நான் கந்தோருக்கு வெளிக்கிடுகிற நேரம் அந்த உறுமல் கேட்டால், மனுஷன் எழும்பிவிட்டார், சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். கேட்காவிட்டால் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

ஆனால் மாரி மழைக்கு மோட்டரின் அருமை தெரியாது. போன மாரியில் வளவில் ஏறிய வெள்ளம் கிணற்றுக் கட்டையும் தாண்டி வந்து, மோட்டர் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துச் செத்தது. கம்பி சுற்றி அதற்கு உயிர் கொடுத்த மெக்கானிக், இன்னொருமுறை நனைந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெயில்காலத்துக் கச்சான் காற்று அடங்கிய நாளில் இருந்தே நான் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், கழட்டுவோம் என்று. அவர் நாள் கடத்திக்கொண்டிருந்தார். அந்த மழைக் காலையில் வீடியோவில் கிணற்றடியைக் காட்டினேன்.

“இஞ்ச பாருங்க. கட்டுக்கு ஒரு சாண்தான் இரிக்கு.”

“இன்னும் ரெண்டு நாள் பாப்பமே. மழை குறையும் எண்டு ஃபோன்ல காட்டுது.”

“அது அங்க காட்டுது. இஞ்ச என்ட செருப்பு மிதக்குது.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “அதையும் கழட்டினா அந்த வீட்டுல எனக்கு என்ன வேல புள்ள?”

எனக்கு நெஞ்சில் குத்தியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பா ஒரே வளவில் ராத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கட்டித் தந்தார். மாப்பிள்ளை வந்து குடியேறுவார், அதுதான் வழக்கம். இவர் குடியேறி இருந்ததும் கொஞ்சக் காலம்தான், பிறகு கத்தார். இந்த வீட்டில் அவர் கையால் அமைத்தது என்று சொல்ல அந்தக் கறுப்பு ஹோஸ் மட்டுமே இருந்தது.

அதற்காக மோட்டரைச் சாகவிட முடியுமா? ராத்தாவைக் கூப்பிட்டேன். முதலில் ஹோஸ்களின் நுனி மூடிகளைத் திறந்து தண்ணீரை வேகமாக விட்டோம். காவி நிறத்தில் சேறு வந்து, பிறகு தெளிந்தது. ஹோஸ்களை வளையமாகச் சுற்றி, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். மோட்டரைக் கழட்டி ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குள் தூக்கி வந்தோம். ராத்தா வழியெல்லாம் “யா அல்லாஹ், இது மோட்டரா, மாடா” என்று புலம்பிக்கொண்டே வந்தாள். கிணற்றுக்குள் இறங்குகிற பைப்பின் வாயில் ஷொப்பிங் பேக்கைச் சுற்றிக் கட்டினேன், தவளை குடியேறாமல் இருக்க. கையில் மிஞ்சியது அந்தச் சுவிட்ச்தான். கழட்டியாச்சு என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் காலை உறுமல் இல்லை. அவரிடம் இருந்து அழைப்பும் இல்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் சுவிட்சைக் கொண்டுபோய்க் குசினியில் அடுப்புக்கு அருகே பூட்டி, கரண்ட் கேத்தலை அதில் செருகி, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு நானே அழைத்தேன்.

“வழமைபோல தட்டுங்க.”

“மோட்டரத்தான் கழட்டியாச்சே?”

“தட்டுங்களன்.”

கேத்தலில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் முனகத் தொடங்கியது. ஃபோனை அதற்கு நேரே பிடித்தேன். கொதித்து ஆவி வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டில் இருந்த காலத்தில் ஒருநாளும் அடுப்புப் பக்கம் வராத மனுஷன். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மூன்றுதரம் குரல் கொடுப்பவர். அவர் எனக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கக் கத்தாருக்குப் போகவேண்டி இருந்திருக்கிறது.

“தேயிலச் சாயம் கடுமையாப் போடாத” என்றார். கண்டிக்கவும் தொடங்கிவிட்டார்.

அதன்பிறகு மாரி முழுக்க இதுதான் வேலை. வெள்ளம் வந்து கிணற்றுக் கட்டைத் தொட்டு, வடிந்து, திரும்பவும் வந்தது. பெரிய மழையொன்றில் விடியும்போதே கரண்ட் போனது. நான் காஸ் அடுப்பில் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அப்போது அழைத்தார்.

“எத்தின தரம் தட்டிட்டன், எரியுதில்ல. இன்னும் ஒண்டும் குடிக்கலியா நீ?”

குரலில் அவ்வளவு பதற்றம்.

“இல்ல” என்றேன்.

“கரண்ட் வந்ததும் சொல்லு. நான் வெக்கிறன்.”

“ஓம், சொல்றன்” என்று சொல்லிவிட்டு, கேத்தலை நிரப்பி வைத்தேன்.