எக்ஸ்எல் பெட்டியின் எடை

மாதா மேல் ஆணை. இதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்த்தது இல்லை.

2006 நவம்பர். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். மாலை ஆறு மணி. எடை போடும் நாகஜோதி எஸ் சைஸ் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்தாள். பதினான்கு கிலோ. எக்ஸ்எல் பெட்டிகளை இன்னும் எடை போடவில்லை.

“அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல். வெரசா போகணும்ணே.”

“நீ போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்.”

சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். எனக்கும் அலுப்பு. எக்ஸ்எல் உட்பட நானூறு பெட்டிகளிலும், லிஸ்ட்டிலும் பதினான்கு என்றே எழுதினேன்.

மறுநாள் காலை 6.20. மழை. பெட்டிகளோடு லாரி கேட்டைத் தாண்டியது. என் பக்கத்தில் டிரைவர் மாரப்பன் கண்ணாடியைப் பார்த்தார்.

“ஏனுங்க, பின்னால யாரோ கூப்பிடறாப்ல இருக்குதுங்க. நிறுத்தட்டுங்களா?”

“நேரமாச்சு. போங்க.”

விமான நிலையத்தில் நின்றது, கம்பெனி தனியாகப் பிடித்த சிறிய சரக்கு விமானம். அவசரத்தில் யாரும் மறுபடி எடை போடவில்லை. நான் எழுதிய லிஸ்ட்டை நம்பி ஏற்றினார்கள். சரக்குக்குத் துணையாக, இரண்டு விமானிகளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பெட்டிகள் மட்டும்.

கேப்டன் சிரித்தார். “வேகம் உடம்புக்குத் தெரியாதுங்க. முள்ளத்தான் நம்பணும். எடைக்குத் தக்கபடி ஒரு வேகம் குறிச்சிருக்கோம். அதுக்கு முன்னால சந்தேகம் வந்தா நிறுத்தலாம். தாண்டிட்டா நிறுத்தவே கூடாது.”

8.42. விமானம் ஓடத் தொடங்கியது.

முள் ஏறியது... மெதுவாக.

“சார், இழுக்க மாட்டேங்குதே?” என்றார் துணை விமானி.

“பாதை ஈரம். பாப்போம்.”

என் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

“அண்ணே... எக்ஸ்எல் பதினெட்டுண்ணே...”

திரும்பினேன். பெட்டிகள்தான்.

லிஸ்ட்டைவிட எடை கூடுதல் என்று புரிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை போய்விடும்.

செபமாலையை இறுக்கினேன். வாயைத் திறக்கவில்லை.

“நிறுத்தச் சொல்லுங்கண்ணே...”

முள் குறித்த வேகத்தை நெருங்கியது.

“நிறுத்தச் சொல்லுங்கண்ணே!”

கேப்டன் பிரேக்கை மிதித்தார்.

கிரீச்ச்ச்...

கருகல் நாற்றம். ஓடுபாதையின் முனையில் நின்றோம்.

கேப்டன் முகம் வெளுத்திருந்தது. “பின்னால எந்தப் பொம்பளைய ஏத்துனீங்க? கத்துனது யாரு?”

9.15. கம்பெனிக்குப் போன் செய்தேன். வாட்ச்மேன் அய்யாசாமி எடுத்தார்.

“அந்தோணிங்களா... நாகஜோதி போயிட்டாளுங்க. வெடியால வந்து, பதினாலுன்னு எழுதி மிச்சமிருந்த எக்ஸ்எல் பெட்டிய எடை போட்டுட்டு, மொபெட்டுல உங்க லாரியத் தொரத்துனாளுங்க. சேத்துல வழுக்கி, பின்னால வந்த பஸ்ஸுல... ஆறேகாலுக்கு மேல இருக்கும். கையில சீட்டு. எக்ஸ்எல் பதினெட்டுன்னு எழுதியிருக்குதுங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“‘நிறுத்தச் சொல்லுங்கண்ணே’ன்னு அப்படிக் கத்துனாளுங்க. கேட்டுல இருந்த எனக்கே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலீங்களா?”