ஈரத்துணிக்குள் இன்சுலின்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். போன வருடம் அம்மாவுடன் தங்குவதற்காக, மொரோக்கோவின் பாலைவன விடுதியொன்றில் மின்சாரமே இல்லாத மண் குடிசையைப் பதிவு செய்தேன்.

"அங்கை ஃப்ரிஜ் இருக்கோ பிள்ளை?" என்று அம்மா புறப்படுமுன், பாரிஸில் நாங்கள் இருக்கும் லா சப்பலில் வைத்தே கேட்டார்.

"நான் எல்லாம் வாசிச்சனான் அம்மா. சும்மா கரைச்சல் தராதேங்கோ."

இரண்டாம் நாள் மத்தியானம் குடிசைச் சன்னலில் ஓர் ஈரத்துணி முடிச்சைக் கண்டு அவிழ்த்தேன். உள்ளே அம்மாவின் இன்சுலின் ஊசிகள் வெயிலில் சூடேறிப் பழுதாகிக் கிடந்தன. அவர் ஃப்ரிஜ் கேட்டது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"ஏன் அம்மா சொல்லேல்லை?"

"நீ சந்தோசமா படம் எடுத்துக்கொண்டு நிண்டாய்." அவருடைய உதடுகள் வறண்டிருந்தன.

தொலைபேசியில் சிக்னல் இல்லை. விடுதி ஊழியர் ஒருவர் தன் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் தள்ளியிருந்த மருந்தகத்துக்கு ஓட்டினார். என் தோளில் சாய்ந்திருந்த அம்மா வழி முழுவதும் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தார். நல்லவேளை, அங்கே புது இன்சுலின் கிடைத்தது; பிழைத்துக்கொண்டார்.

போன கிழமை லா சப்பலின் ரூ காய் தெரு மரக்கறிக் கடையில் அம்மா யாரோ ஓர் அன்ரியிடம் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ரை பிள்ளை எல்லாம் வாசிச்சுப் போட்டுத்தான் செய்வாள்."

நான் வெண்டிக்காய்களின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டு நின்றேன். அம்மா பெருமையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.