இடக்கைக்கு ஓர் அரிவாள்

போன தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மந்தாரக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையில், நானும் என் நண்பர்கள் இருவரும் வெகு சிரத்தையாக ஒரு தவற்றைச் செய்து முடித்தோம். அதோடு நிற்காமல் படம் எடுத்து, எங்களைப் போல ஆர்வத்துக்கு இரும்படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். அதன் பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நான் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சமூகப்பணியில் முதுகலை முடித்து ஒரு தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறேன். வார நாட்களில் கணினியில் அறிக்கை எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்படிக்கிறேன். கொட்டகைக்குச் சொந்தக்காரரான வெல்டர் அண்ணன், மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் நண்பர், நான் என மூன்றே பேர். ஒரு தண்டவாளத் துண்டுதான் இரும்பை வைத்து அடிக்கும் எங்கள் பட்டடை. பழைய ஹேர் டிரையர் ஒன்று துருத்தியாக உழைக்கிறது. “நிலக்கரி ஊருல இருந்துகினு அடுப்புக்கரி வாங்கியாந்து ஊதுறீங்களே!” என்று கேலி செய்யாதவர் கிடையாது. நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் ஈரமும் புகையும் அதிகம், உலைக்கு ஆகாது என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டோம்.

எங்கள் பேச்சு முழுவதும் இரும்புதான். கிடைத்த லாரி ஸ்பிரிங் பட்டையைச் சாணைச் சக்கரத்தில் வைத்து, பொறி மத்தாப்புப் போலப் பூக்கிறதா, கோடாகப் போகிறதா என்று பார்த்து, அது நல்ல எஃகா வெறும் இரும்பா என்று அரைமணி நேரம் சண்டை போடுவோம். அந்தக் கொட்டகையில் நான் பிடிவாதமாக வைத்த விதி ஒன்று உண்டு: முன்பின் தெரியாதவருக்கு வெட்டரிவாள் செய்து தருவதில்லை. நாங்கள் அடித்த இரும்பு என்ன விளைவை உண்டாக்கும் என்று யோசிக்காமல் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். விளைவை யோசிப்பதில் நான் கெட்டிக்காரி என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

வளையமாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அக்கா, கைப்பிடி கழன்ற கருக்கரிவாளோடு வெல்டர் அண்ணனிடம் வந்தார். விளிம்பில் நுண்பற்கள் வெட்டிய, கதிர் அறுக்கும் அரிவாள் அது. அவர் அதை இடக்கையில் பிடித்திருந்ததையும், வலக்கை விரல்களில் பழைய தழும்புகள் இருந்ததையும் கவனித்து, என்னவென்று கேட்டேன்.

“நான் நொட்டாங்கைக்காரிம்மா. எங்கையில இது எகிறிகினே வரும். போன அறுப்புல பக்கத்துல நின்னவ முழங்கையக் கிழிச்சிப்புடுச்சி. இனிமே எங்க செட்டுல நீ வேணாம்னு மேஸ்திரிம்மா சொல்லிட்டாங்க.”

அறுவடைக்குக் குழுவாக, செட்டு சேர்ந்துதான் போவார்கள். நிலங்கள் சுரங்கத்துக்குப் போனதுபோக மிச்சமிருக்கும் வயல்களில் வேலையும் குறைவு, செட்டுகளும் குறைவு. ஒன்றிலிருந்து விலக்கப்பட்டவரை இன்னொன்றில் சேர்ப்பதில்லை. அழுது கேட்டதில், மேஸ்திரி அம்மாள் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். மழையில் பயிர் சாய்ந்து, சேற்றில் மிஷின் இறங்க முடியாத வயல் ஒன்று இருந்தது. அதில் ஒரு புதன்கிழமை அறுத்துக் காட்ட வேண்டும். யார் மேலும் கீறல் படாவிட்டால் செட்டில் இடம் உண்டு. பட்டால் அத்தோடு சரி.

அவர் கேட்டது கைப்பிடியைச் சரிசெய்யத்தான். இடக்கைக்கென்றே புதிய அரிவாள் செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது நான். “எப்படிப் புடிப்பேன்னு காட்டட்டுமா?” என்று அவர் கேட்டபோது, “சிரமம் வேண்டாம் அக்கா, அளவு எடுத்துக்கிட்டோம், முடிஞ்சதும் கூப்பிடறோம்” என்று அனுப்பிவைத்ததும் நான்தான்.

அளவு எடுத்தது உண்மை. நீளம், அகலம், வளைவு எல்லாம் காகிதத்தில் வரைந்தேன். இடக்கைக்கு எதிர்ப்பக்கமாக வளைய வேண்டும் அல்லவா? காகிதத்தைத் திருப்பிப் போட்டு, அந்தக் கோட்டின்படி இரண்டு ஞாயிறுகள் அடித்தோம். பல் வெட்டுவதற்கு வெல்டர் அண்ணனிடம் ஒரு மர அச்சு இருந்தது. கடை அரிவாள்களைப் பழுதுபார்க்க, அவற்றின் வளைவுக்கே பள்ளம் எடுத்த கட்டை அது. எங்கள் அரிவாள் அதில் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. “அளவுன்னா இது அளவு!” என்று அண்ணன் மெச்சினார். நான் பெருமையில் படம் எடுத்தேன். இடக்கை அரிவாள் கடை அரிவாளின் அச்சில் எப்படி இவ்வளவு கச்சிதமாக உட்காரும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறு காலை, அக்கா வந்தார். அரிவாளை இடக்கையில் வாங்கி, குனிந்து காற்றில் ஒருமுறை அறுத்துப் பார்த்தார். வலக்கைக்கு மாற்றினார். பிறகு எங்கள் மனம் நோகக் கூடாதே என்பதுபோல மெல்லச் சொன்னார்.

“நல்லாத்தாம்மா இருக்குது. எங்க வூட்டுக்காரருக்குக் குடுக்கறேன். அவரு சோத்தாங்கைக்காரரு.”

“அதெப்படிக்கா? வளைவுதான் அந்தப் பக்கம் இருக்கே!” என்றார் ஷிப்ட் நண்பர்.

“தோசையத் திருப்புறாப்பல திருப்புனா இந்தப் பக்கம் வந்துடப் போவுது. வளைவுல என்னா இருக்குது? பல்லு எந்த மொகத்துல இருக்குதுன்னு பாருங்க.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கருக்கரிவாளின் ஒரு முகத்தில்தான் சரிவும் பல்லும் இருக்கும், மறுமுகம் தட்டை. வலக்கையில் பிடித்தால் பல்லுள்ள முகம் மேலே பார்க்கும், அலகு தாழ்ந்து நெல்தாளின் அடியில் போகும். அதே அரிவாளை இடக்கையில் பிடித்தால் பல் மண்ணைப் பார்க்கும், அலகு மேலேறி, தாளைப் பிடித்திருக்கும் விரலைத் தேடி வரும். மாற வேண்டியது முகம்தான். நாங்கள் வளைவைத் திருப்பினோம், அச்சு அதை மறுபடியும் திருப்பிவிட்டது.

“ரெண்டு வாரம் வேர்வை சிந்தி, கடையில தொங்குற அருவாளையே செஞ்சிருக்கோம்யா!” என்று நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னால் முடியவில்லை. படித்தவர்கள் செய்து கொடுத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று அவர் பேசாமல் வாங்கிப் போயிருந்தால்? பழையதைவிடப் பலமடங்கு கூர்மையான அலகு, புதன்கிழமை அவர் விரலில் ஏறியிருக்கும். குழுவில் நான் போட்ட படத்தின் கீழே, ‘இது வலக்கை அரிவாள். தவறு என்னுடையது’ என்று அப்போதே எழுதினேன்.

“இன்னிக்கே இன்னொண்ணு அடிச்சிடலாமா?” என்று தயங்கிக் கேட்டேன். நண்பருக்கு மறுநாளிலிருந்து காலை ஷிப்ட். அண்ணன் உடனே உலையை மூட்டினார்.

“நான் இங்கியே குந்திகினு இருக்கேன்” என்றார் அக்கா. “தப்பாப் போனா சத்தம் போடறேன்.”

இந்த முறை முதலில் அட்டையில் ஓர் அரிவாள் வெட்டி அவர் இடக்கையில் கொடுத்தேன். அவர் அறுப்பதுபோலக் குனிந்து நின்றதும், மேலே தெரிந்த முகத்தில் பேனாவால் குறித்தேன். சாக்பீஸ் கோடு நெருப்பில் அழிந்துவிடும் என்பதால், இரும்பில் அதே முகத்தில், பிடிக்குள் போகும் வாலின் பக்கத்தில் மூன்று புள்ளி குத்திக்கொண்டோம். எத்தனை முறை புரட்டி அடித்தாலும் புள்ளி எந்தப் பக்கம் என்று மூவரும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டோம். மர அச்சு இதற்கு உதவாது. அண்ணன் ஒரு வேப்பங்கட்டையில் புதிதாகப் பள்ளம் எடுத்தார். பல்லின் சாய்வு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை அக்கா அருகில் நின்று விரலால் காட்ட, உளி ஒவ்வொரு பல்லாக வெட்டிக்கொண்டு போனது.

கடைசியில் துவைச்சல், அதாவது பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவது. பழுத்த அலகைக் காந்தத்தருகே காட்டினேன். காந்தம் இழுக்காத சூடு வந்ததும் எண்ணெயில் இறக்கினேன். அந்த நொடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அலகு விரிசல் விட்டது என்று அர்த்தம்; அத்தனை உழைப்பும் வீண். நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் வரவில்லை. பிறகு, அலகு நொறுங்காமல் இருக்க, சூடான இரும்புத் தகட்டின் மேல் வைத்து வைக்கோல் நிறம் ஏறும்வரை காத்திருந்து எடுத்தோம்.

கொட்டகைக்குப் பின்னால் கோரை மண்டிக் கிடந்தது. அக்கா ஒரு பிடி அறுத்தார். அலகு தரையோடு போனது. இன்னொரு பிடி அறுத்தார். நிமிர்ந்து, “படியுது” என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நண்பர் விசில் அடித்தார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மேஸ்திரி அம்மாள் அக்காவைச் செட்டோடு சேர்க்காமல் இடது வரப்போரம் தள்ளி நிறுத்தியிருந்தார். “அங்கியே நில்லு. யாரையும் கிட்ட வுடாத” என்றார். அந்த ஓரம் யாரும் விரும்பாத இடம். வலக்கைக்காரர்கள் அரிந்த பிடியை இடப்பக்கம் போடுவார்கள், வரப்பு இடிக்கும், ஓரத்துத் தாள் எப்போதும் அரைகுறையாக நிற்கும். அக்காவுக்கோ பிடி வலப்பக்கம், வயலுக்குள் விழுந்தது. இடக்கை வரப்பின் அடிவரை தாழ்ந்து போய் வந்தது. பாதி வயல் தாண்டும்போதே அவர் வரிசைக்கு முன்னால் இருந்தார். அவர் கடந்த ஓரம் சவரம் செய்தது போல இருந்தது.

முனையில் நின்று நிமிர்ந்தவரிடம் மேஸ்திரி அம்மாள் நேரே போனார். அக்காவின் வலக்கையைப் பிடித்து, புதுக் கீறல் உண்டா என்று ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அரிவாள் பிடித்த இடக்கையைச் சுட்டிக்காட்டினார்.

“ஏண்டி, இத்தினி வருசமா இந்தக் கைய எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?”

“கை இங்கதாங்க இருந்துச்சி. அருவாதான் இல்ல.”

வயலே சிரித்தது. “நாளையிலேருந்து வரப்போரம் இவளுக்குத்தான், வேற எவளும் அங்க நிக்கக் கூடாது” என்று மேஸ்திரி அம்மாள் உரக்கச் சொன்னார். அக்கா அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கி எனக்குக் காட்டினார். சேற்றில் செருப்பு புதைந்ததைக்கூடக் கவனிக்காமல் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அறுவடை முழுவதும் அவர் அந்த ஓரத்தில்தான் நின்றார். இன்று எவருக்காவது உதவ உட்காரும்போது என் அளவுகோலைப் பையிலேயே வைத்துவிட்டு, “எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க” என்றுதான் தொடங்குகிறேன். ஏனென்றால் என் நல்லெண்ணம் தவறிப்போனால் அறுபடுவது என் விரல் அல்ல.