ஐந்நூறு யென் மஃப்ளர்

ஒசாகாவில் ஒருவரின் சட்டையைப் பார்த்து "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சும்மா நகர முடியாது. "என்ன விலை இருக்கும், சொல்லு பார்ப்போம்!" என்று மடக்குவார்கள். நாம் கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்கள் குறைத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். டோக்கியோக்காரர்கள் விலை கூடியதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளட்டும். எங்களுக்கு மலிவுதான் பெருமை.

அதில் எங்கள் கடைத்தெருவில் மிசாவோ அக்காவை அடிக்க ஆள் கிடையாது. என் தோஃபு கடைக்கு அடுத்து, உருளைக்கிழங்கு கொரோக்கே பொரித்து விற்றாள். குடையோ செருப்போ, எல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கியதுதான். மலிவு என்று கண்டுவிட்டால் ஒன்றுக்கு இரண்டாக அள்ளிவருவாள்.

அவள் புருஷன் கென்சோ அண்ணன் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். ஓயாமல் குளிர் என்பார். ஆனால் நல்ல கம்பளி வாங்கித் தந்தால், "சாகப்போறவனுக்கு எதுக்கு இந்தச் செலவு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மிசாவோ அக்கா உமேதா கடைவீதியின் பெரிய கடைக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஒரு காஷ்மீர் மஃப்ளர் வாங்கினாள். விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஐந்நூறே யென்! தெருவுல குவிச்சு வச்சு வித்தான்" என்று அவர் கழுத்தில் சுற்றினாள்.

உண்மையை என்னிடம் மட்டும் சொன்னாள். "தெரிஞ்சா கழட்டி எறிஞ்சிடுவாருடி. வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்!"

அன்றிலிருந்து பார்க்கப் போனவர்கள் எல்லோரும் விலை சொல்ல வேண்டியதாயிற்று. நர்ஸ்களும் தப்பவில்லை. "தோத்துட்டே! ஐந்நூறு யென். என் பொண்டாட்டி சாமர்த்தியம் யாருக்கு வரும்?" என்று இருமலுக்கு நடுவே சிரிப்பார். அவள் முகம் பூரித்துப்போகும்.

ஒருநாள் அவள் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இது மலிவுச் சரக்கு இல்லம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமாக்கும்? ஐந்நூறு யென்னா அவ ரெண்டுல்ல வாங்கியிருப்பா? அவ கழுத்தப் பாரு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. எவ்வளவு ஆசையா பொய் சொல்றா, பாவம்."

அந்த வாரமே போய்விட்டார். சவப்பெட்டியை மூடுமுன் அவளே அந்த மஃப்ளரை அவர் கழுத்தில் சரிசெய்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா" என்றேன். அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.

வெளியே பனிக்காற்று அடித்தது. அவள் வெறுங்கழுத்தோடு போய் வண்டியில் ஏறினாள்.