ஆளுகிறவர்களுக்காக ஒரு ஜெபம்

ஜெபம் நடக்கும்போது நான் கண்ணை மூடுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் யார் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதற்காக என் வீட்டுக்காரர் என்னைப் பலமுறை திட்டியிருக்கிறார். "நான் கண்ண மூடலேங்கிறது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். அதோடு திட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

போடியில் எங்கள் சபை சின்னச் சபை. ஓட்டுக் கூரைக் கோயில், பாய் விரித்த தரை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போதகர், நாங்கள் ஐயர் என்போம், மாதத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற வாரங்களில் உபதேசியார்தான் எல்லாம். ஆனால் பிரசங்கம் முடிந்ததும் ஒரு ஜெபம் உண்டு, அதை மட்டும் அவர் செய்ய மாட்டார். அது நாட்டை ஆளுகிறவர்களுக்கான ஜெபம். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கித் தெருத் தெருவாகப் போய், ராசிங்காபுரம், பொட்டிபுரம் என்று பஸ்சில் வருகிற குடும்பங்களோடு முடிந்து, திரும்பவும் முதல் வீட்டுக்கு வரும். நீட்டி முழக்குகிற ஆட்களே எல்லா வாரமும் பிடித்துக்கொள்வதைத் தடுக்க யாரோ செய்த நல்ல ஏற்பாடு அது.

எனக்கு அந்த ஜெபம் ரொம்பப் பிடிக்கும். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் டெல்லியில் ஆரம்பிப்பார், ஆனால் அங்கே நிற்கமாட்டார். கவர்னர், கலெக்டர் எல்லாரையும் அவசரமாகத் தாண்டி மின்சார ஆபீசில் வந்து இறங்குவார். பகலில் கொஞ்ச நேரமாவது மோட்டாருக்குக் கரண்டு விடும்படி அதிகாரிகளின் மனதை இளக்கச் சொல்லி அங்கேயே கெஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு வாத்தியார் கல்வி அதிகாரிக்காக உருகி உருகி ஜெபித்தார், மாற்றலும் வந்தது. அவர் கேட்ட ஊர் வேறு, கிடைத்த ஊர் வேறு. யாருக்கு யார்மேல் பயம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

நெருக்கடி நிலை வந்த பிறகு அந்த ஜெபம் சுருங்கிப் போயிற்று. முறைக்காரர் எழுந்து, "எங்களை ஆளுகிறவர்களை ஆசீர்வதியும், ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். விவசாயிகூடக் கரண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. காரணம், கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்காருகிற ஏட்டையா. ஊர் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவர், எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்து, பாட்டு எந்த ராகத்தில் போனாலும் தன் ராகத்தில் பாடிவிட்டுப் போகிற மனிதர். அவர் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் அவருக்குப் பக்கத்துப் பாயில் உட்கார ஆள் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையில் ஒரு டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போவார், சாயங்காலம் அவர்களோடு இறங்குவார். மலைக்குப் போகிற ஜீப்பில் ஆள் மட்டுமா போகும்? மருந்துப் பாட்டில், கோழி, கல்யாணப் பத்திரிகை என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே கேட்கிற ஆளிடம் கொடுப்பது வழக்கம். அப்படி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒரு கட்டைக் கொடுத்திருக்கிறான். செக்போஸ்டில் பிரித்துப் பார்த்தால், உள்ளே அரசாங்கத்துக்கு எதிரான நோட்டீசு. கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். இவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதே அப்போது பெரிய குற்றமாக இருந்தது.

அவர் மனைவி என்னோடு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்தில் கொட்டின காயில் வெடித்தது, வெளுத்தது, பச்சை என்று விரலால் பிரித்துத் தள்ளிக்கொண்டே பேசுவோம். பேசுவது பெரும்பாலும் நான்தான்.

வீட்டைச் சோதனை போட வந்ததை அவள்தான் சொன்னாள். இன்ஸ்பெக்டரும் மற்றவர்களும் பூட்சுக் காலோடு அடுப்படிவரை போயிருக்கிறார்கள். ஏட்டையா மட்டும் வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்த்து, பூட்சைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாராம். அந்த வீட்டுக்கு அவர் ஜெபக் கூட்டத்துக்கு எத்தனையோ தடவை வந்தவர், அந்தப் பழக்கம். இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் அவரை வைதிருக்கிறார். "பூட்சக் கழட்டி வச்சுட்டுத் தேடுன போலீச நீங்க பாத்திருக்கீங்களாக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

ஊர் ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தவரை அப்புறம் எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மதுரை என்றார்கள், வேலூர் என்றார்கள், சிலர் வாயில் வைத்துச் சொல்லக்கூடாததையும் சொன்னார்கள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. விடச் சொல்லிக்கூட அவள் கேட்கவில்லை. எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, அது தெரிந்தால் போதும். தினமும் வேலை முடிந்து ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பாள். ஒருநாள் ஏட்டையாவையே மறித்துக் கேட்டுவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "மேலிடத்து உத்தரவும்மா, எந்த ஆளுகிட்டயும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாரா வாரம் வந்து பாட்டுப் பாடுகிறார்.

என் வாய் சும்மா இருக்குமா? அவளிடமே கேட்டேன். "அதிகாரமெல்லாம் ஆண்டவர் குடுத்ததுன்னு உபதேசியாரு சொல்றாரே, அப்ப ஒன் வீட்டுக்காரர ஆண்டவரா புடிச்சுட்டுப் போனாரு?"

அவள் கை காய் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஜீப்புச் சாவி எங்க வீட்டுக்காரர்ட்ட இருந்துச்சு. வண்டி மொதலாளி வண்டி. அவரு குடுத்த சாவிதான். அதுக்காக, இவரு வளைவுல கண்டபடி ஒடிச்சு உருட்டிவிட்டா மொதலாளி உருட்டுனதாகுமாக்கா? ஆனா சாவி அவரு குடுத்ததுதான். கேக்கணும்னா அவர்ட்டதான் போயிக் கேக்கணும்."

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சாவி கொடுத்தவர் வண்டி உருளும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க வந்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

முறை சுற்றி வந்து அவள் வீட்டில் நின்றது. அந்த வாரம் பூராவும் சபையில் இதே பேச்சுதான். எழுந்து நின்று அவள் என்ன சொல்லுவாள்? மனம் வெந்து ஏதாவது சாபம் போட்டால், வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் போய்ச் சொல்லியாக வேண்டும். பிறகு அந்த மனிதன் வெளியே வருவது கனவுதான். ஒன்றும் நடக்காததுபோல 'ஆசீர்வதியும்' என்று சொல்லி உட்கார்ந்தால், அது ஆண்டவர் முகத்துக்கு நேரே சொல்லுகிற பொய். இரண்டில் எது நடக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஆர்வத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

உபதேசியார் பயந்துபோய் அவள் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். "தாயி, இந்த வாரம் ஒனக்கு வேணாம். அடுத்த வீட்டுக்காரங்க பண்ணட்டும். ஆண்டவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றார்.

"எங்க முறை எங்களுக்கு வேணுங்கய்யா. அவரு இருந்தா அவரு நிப்பாரு. இல்ல, அதனால நான் நிக்கிறேன்."

"என்ன சொல்லப்போற?"

"தெரியலைங்கய்யா. எந்திரிச்சு நின்னாத்தான் தெரியும்."

என் வீட்டுக்காரர் அவர் பங்குக்கு, அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்காராதே என்றார். அதனாலேயே போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

பிரசங்கம் முடிந்தது. அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டு எழுந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

"ஆண்டவரே, டெல்லியில ஆளுறவங்களுக்காக ஒம்மக் கெஞ்சுறேன். கவர்னருக்காகவும் கலெக்டருக்காகவும் கெஞ்சுறேன். எங்க ஊரு ஸ்டேஷன்ல இருக்குறவங்களுக்கும் நல்ல சொகத்தக் குடும். அவங்க பிள்ளைகளுக்கும் குடும்."

நிறுத்தினாள். உபதேசியார் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. பாட்டுப் புத்தகத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அவள் உட்காரவில்லை.

"அவங்க எங்களுக்கு மேல இருக்காங்க. நீரு அவங்களுக்கு மேல இருக்கீரு. அத அவங்க மறந்துட்டாங்க. பயத்துல நாங்களும் மறந்துட்டோம். எங்க எல்லாரையும் மன்னியும். பிள்ளைக அப்பா எங்கன்னு கேக்குதுக. எனக்குத் தெரியல. ஒமக்குத் தெரியும். தெரிஞ்ச வாயி எதுன்னும் ஒமக்குத் தெரியும். ஆமென்."

ஆமென் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ராசிங்காபுரத்து விவசாயி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரும்பி வாசல் பக்கம் பார்த்தேன்.

ஏட்டையா எழுந்து நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. இரண்டு கையும் விறைப்பாக உடம்போடு ஒட்டியிருந்தன, அதிகாரி முன்னால் நிற்பதுபோல. ஒரு வாரத்தில் ஒரு வீடுதான் ஜெபிக்கலாம் என்பது எங்கள் ஒழுங்கு. அதை மீறி நான் யாரையும் பார்த்ததில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்டேஷனில் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"சர்வ வல்லமையுள்ள பிதாவே. மதுரை ஜெயிலில் இருக்கிற எங்கள் சகோதரனுக்காக உமக்கு ஸ்தோத்திரம். காய்ச்சல் கண்டிருந்த அவருக்கு இப்போது நீர் சுகம் கொடுத்து, இரண்டு வேளையும் சாப்பிடும்படி செய்ததற்காக ஸ்தோத்திரம். செவ்வாய்க்கிழமை காலையில் மனுக் கொடுக்கிற குடும்பத்தாருக்கு அவரைப் பார்க்க அனுமதி கொடுக்கிற அதிகாரிகளுக்காக ஸ்தோத்திரம். போகிறவர்கள் ரேஷன் கார்டை மறந்துவிடாதபடி அவர்களுக்கு நினைப்பூட்டும். மாற்று வேட்டி ஒன்று கொண்டுபோகவும் நினைப்பூட்டும், பிதாவே. உத்தரவுக்குக் கீழே இருக்கிற ஊழியக்காரனாகிய என்னை மன்னியும்."

ஆமென் கூடச் சொல்லாமல் அப்படியே நின்றார். ஆமென்னை அவள்தான் சொன்னாள். பிறகு கோயில் முழுவதும் சொல்லிற்று. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதரை மனதுக்குள் நான் வைதுகொண்டிருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இளைத்துப் போயிருந்தார், ஆனால் ஜீப்புக்கு எண்ணெய் மாற்றினார்களா என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து, நாட்டில் நிலைமை மாறின பிறகு, அவரும் திரும்பி வந்து மறுபடி ஜீப்பு ஓட்டினார்.

அவள் ரேஷன் கார்டும் வேட்டியுமாகப் போய் நின்ற செய்தி இன்ஸ்பெக்டர் காதுக்கு எட்டாமலா இருக்கும்? யாரிடம் சொன்னாய் என்று ஏட்டையாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். எந்த மனுசன்கிட்டயும் சொல்லவில்லை என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கொஞ்ச நாளில் ஏட்டையாவைக் கண்காணாத ஊருக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தோடு லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் சொன்னது பொய்யா, இல்லையா? இது எனக்குப் பெரிய குடைச்சலாக இருந்தது. அவர் உத்தரவை மீறினாரா, இல்லை அதைவிடப் பெரிய உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாரா? உபதேசியாரிடம் கேட்டேன். அவர் கனைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். கடைசியில் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவளிடமே கேட்டேன். "நெசத்தச் சொல்லு. அன்னிக்கி ஏட்டையா ஒனக்குத்தான சொன்னாரு?"

அவள் வெடித்த காய் ஒன்றை எடுத்துத் தள்ளிப் போட்டாள். "எனக்கு ஒண்ணும் சொல்லலக்கா. அவரு ஆண்டவர்ட்டப் பேசிக்கிட்டிருந்தாரு. நான் அங்கன இருந்தேன், காதுல விழுந்துச்சு."